நன்றி நவிலல்

எனது கணவர் நோயுற்றிருந்த மாதங்களில் துணை நின்றவர்களுக்கும், துயரச் செய்தி கேட்டு ஓடிவந்தவர்களுக்கும், தொலைபேசியில் ஆறுதல் சொன்னவர்களுக்கும், இறுதிக் கிரியைகளிலும் அந்தியேட்டியிலும் கலந்துகொண்ட உற்றார் உறவினர், ஊரவர், நண்பர்கள் அனைவருக்கும் எங்கள் நன்றி. இரவு பகல் பாராமல் பார்த்துக்கொண்ட தாதியருக்கும், தேவாரம் பாடிய பிள்ளைகளுக்கும் தனியே நன்றி.

வழமையான இந்த வரிகளில் அடங்காத கடன் ஒன்றும் எனக்கு இருக்கிறது. ரொறன்ரோவில் பாத்தர்ஸ்ட் வீதிப் பக்கம் நாங்கள் குடியிருக்கும் பகுதியில் அயலவர் பலர் யூதர்கள். நோய் முற்றியபோது எதிர்வீட்டு அம்மையார் வந்து, கணவரின் பெயரோடு அவருடைய தாயாரின் பெயரையும் கேட்டு எழுதிக்கொண்டார். நோயாளிக்காக வேண்டும்போது தாயின் பெயரைச் சேர்த்துச் சொல்வது அவர்கள் வழக்கமாம். யாழ்ப்பாணத்து வடமராட்சியை விட்டு வெளியே போயறியாத என் மாமியாரின் நீண்ட பெயரை எழுத்துக்கூட்டிப் பழகிக்கொண்டு, அவரும் அயலிலுள்ள யூதப் பெண்களும் தங்கள் வேதத்திலுள்ள பாட்டுகளான 150 சங்கீதங்களையும் தங்களுக்குள் பங்கிட்டு ஓதினார்கள்.

அவர் பிழைக்கவில்லை. அந்தப் பாட்டுகள் பொய்த்துவிட்டன என்று நான் நினைக்கவும் இல்லை. 88ஆம் சங்கீதம் புலம்பலாகத் தொடங்கி, இருளிலேயே முடிகிறது. அதையும் நீக்காமல் இத்தனை நூற்றாண்டுகளாக ஓதிவருகிறார்களே, அதுதான் எனக்குத் தெம்பு தந்தது.

ஆஸ்பத்திரியில் காத்திருந்த நாளொன்றில் அவர்கள் வேதத்தில் வரும் எலியா தீர்க்கதரிசியின் கதையையும் அந்த எதிர்வீட்டு அம்மையாரே சொன்னார். 'போதும், என் உயிரை எடுத்துக்கொள்' என்று வனாந்தரத்தில் ஒரு செடியின் கீழ் படுத்துவிட்ட எலியாவுக்குத் தேவதூதன் உபதேசம் செய்யவில்லை. தழலில் சுட்ட அடையும் தண்ணீரும் கொடுத்தான். உண்டுவிட்டு அவர் திரும்பவும் படுத்தார்; தூங்க விட்டான். பிறகு மறுபடி எழுப்பி, போகவேண்டிய தூரம் அதிகம், சாப்பிடு என்றான். அந்த உணவின் பலத்தில் எலியா நாற்பது நாள் நடந்து ஓரேப் மலையைச் சேர்ந்தார். எல்லாம் விதிப்படி என்று தேற்றியவர்களின் அன்பை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் என்னை எழுந்து நடக்க வைத்தது அந்த அடைதான்.

துக்க வீட்டுக்கு வந்தபோதும் நான் பேசும்வரை அந்த யூத அயலவர்கள் வாய் திறக்கவில்லை. அவர்கள் வேதத்தில் வரும், பிள்ளைகளையும் உடைமைகளையும் இழந்த யோபுவின் நண்பர்கள் ஏழு நாள் அவரோடு தரையில் பேசாமல் உட்கார்ந்திருந்ததைப் பார்த்து வந்த முறையாம் அது. (அந்த நண்பர்கள் பேசத் தொடங்கி, அவர்மேலேயே குற்றம் சொன்ன பிறகுதான் காரியம் கெட்டது!) முதல் உணவை அயலவர் கொண்டுவருவது நம்மைப் போலவே அவர்களுக்கும் வழக்கம். அதில் அவித்த முட்டை இருக்கும். எங்கள் வீட்டில் மச்சம் விலக்கியிருப்பதை மகளிடம் கேட்டறிந்து, முட்டையை விட்டுவிட்டுப் பருப்பு சூப் மட்டும் கொண்டுவந்தார்கள். மூன்று நாள் சாப்பிடாதிருந்த மகன் இரண்டு கோப்பை குடித்தான்.

அடுத்த வாரம் நான் வேலைக்குத் திரும்புகிறேன். தமிழ் தெரியாத அந்த அயலவர்களுக்கு இம்மடலை மகள் ஆங்கிலத்தில் வாசித்துக் காட்டுவாள்.

இங்ஙனம்,
மனைவி, பிள்ளைகள்
ரொறன்ரோ, கனடா