ஐஸ் மேக்கர் ஓட எத்தனை மாடி வேண்டும்?

பிரெஞ்ச் டோர் ஃபிரிட்ஜ் தயாரித்துத் தமிழ்நாட்டில் விற்கும் நிறுவனங்களின் வடிவமைப்பாளர்களுக்கும், விற்பனை, சர்வீஸ் பிரிவுகளில் இருப்பவர்களுக்கும்,

வணக்கம்.

மேலே இரட்டைக் கதவு, கீழே ஃப்ரீசர் டிராயர், உள்ளே தானாகவே ஐஸ் போடும் மெஷின் என்று நீங்கள் விளம்பரம் செய்யும் ஃபிரிட்ஜ் ஒன்றை, மடிப்பாக்கத்தில் மூன்றாவது மாடி வீட்டில் வைத்துக்கொண்டு குடும்பம் நடத்துகிறவள் நான். எந்தக் கம்பெனி என்று எழுதப்போவதில்லை. உறவிலும் அக்கம்பக்கத்திலும் வேறு வேறு கம்பெனி வாங்கியவர்களிடம் பேசிப் பார்த்துவிட்டேன், கதை ஒன்றுதான். அதனால் இந்தக் கடிதம் உங்கள் எல்லோருக்கும் பொது.

பெட்டியில் எனக்குக் குறையே இல்லை, அதை முதலில் சொல்லிவிடுகிறேன். தட்டுகள் நல்ல அகலம். கிரைண்டரில் வழித்த மாவை இரண்டு மூன்று டப்பாவாகப் பிரிக்காமல் பெரிய பாத்திரத்தோடு அப்படியே உள்ளே தள்ள முடிகிறது. விசேஷ நாளில் தாம்பாளத்தோடு பூ, பழம், வெற்றிலை எல்லாம் போய்விடும். பால் பாக்கெட் எடுக்க ஒரு பக்கக் கதவைத் திறந்தால் போதும். முட்டிவலிக்கார அத்தைக்குக் காய்கறி எடுக்கத் தரையோடு குனிய வேண்டியதில்லை. ஃப்ரீசருக்குக் குனியத்தான் வேண்டும், ஆனால் அதை ஒரு நாளில் எத்தனை தடவை திறக்கப்போகிறோம்? கதவுகளுக்கு நடுவில் மடங்கும் அந்தப் பட்டை மழைக்காலத்தில் வியர்க்கிறது. அதற்குள் சின்ன ஹீட்டர் ஒன்று இருக்கிறது, மின்சிக்கன பட்டனை அமுக்கினால் அது வேலை செய்யாது என்ற விஷயம் கையேட்டின் நடுவில் பொடி எழுத்து ஆங்கிலத்தில் இருந்தது. தேடிப் படித்து பட்டனை மாற்றியதும் வியர்வை நின்றது. இதெல்லாம் பழகிக்கொள்ளக்கூடிய விஷயங்கள்.

ஐஸ் மேக்கர் அப்படிப்பட்டது இல்லை. விலையில் கணிசமான வித்தியாசம் கொடுத்து அதற்காகவே மேல் மாடல் வாங்குகிறோம். ஷோரூமில் அந்த ஐஸ் டப்பாவில் பளபளவென்று கட்டிகள் கிடந்தன. பிளாஸ்டிக் கட்டிகள். ஃபிரிட்ஜுக்குப் பின்னால் எந்தக் குழாயும் இல்லை. ஒரு நாளைக்குக் கிட்டத்தட்ட ஒன்றரை கிலோ ஐஸ் விழும் என்று விற்பனைப் பையன் சொன்னான். வீட்டில் என்ன தண்ணீர், எந்த மாடி, குடிதண்ணீர்க் குழாய் எங்கே இருக்கிறது என்று அவன் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்கச் சொல்லி நீங்கள் அவனுக்குச் சொல்லித் தரவும் இல்லை.

ஐஸ் மேக்கர் வேலை செய்கிற விதம் ரொம்ப எளிமை. ஃபிரிட்ஜின் அடியில், பின்பக்கம் மின்சாரத்தால் திறந்து மூடும் வால்வு ஒன்று இருக்கிறது. அது சில விநாடிகள் திறக்கும், அச்சுக்குத் தண்ணீர் போகும், மூடிக்கொள்ளும். அச்சில் இருக்கும் சென்சார் போதிய குளிர் வந்ததும் சொல்லும். மோட்டார் அச்சை முறுக்கி ஐஸைக் கீழே தள்ளும், சில மாடலில் அச்சைக் கொஞ்சம் சூடாக்கித் தள்ளும். டப்பா நிறைந்தால் ஒரு கம்பியோ ஒளி சென்சாரோ பார்த்து நிறுத்திவிடும். நடு ராத்திரியில் தடதடவென்று ஐஸ் விழுகிற சத்தத்துக்கு அத்தை திருடன் என்று எழுந்து உட்கார்ந்ததைத் தவிர அதில் குழப்பம் ஒன்றும் இல்லை.

குழப்பம் அந்தச் சில விநாடிகளில் இருக்கிறது. வால்வு திறக்கும் நேரம் பெரும்பாலும் கணக்கு வைத்தது. அந்த நேரத்துக்குள் அச்சு நிறைய வேண்டுமென்றால் குழாயில் அழுத்தம் வேண்டும். உங்கள் கையேடுகளில் மாடலுக்கு மாடல் கொஞ்சம் மாறினாலும், பொதுவாக 20 பிஎஸ்ஐ முதல் 120 பிஎஸ்ஐ வரை என்று போட்டிருக்கிறது. 20 பிஎஸ்ஐ என்றால் எவ்வளவு என்று வாங்குகிறவருக்குத் தெரியாது. நான் கணக்குப் போட்டுச் சொல்கிறேன். ஒரு பிஎஸ்ஐ அழுத்தம் கிடைக்கத் தண்ணீர் சுமார் 2.3 அடி உயரத்தில் நிற்க வேண்டும். இருபதுக்கு 46 அடி. சென்னையில் ஒரு மாடி சுமார் 10 அடி. ஆக, ஃபிரிட்ஜுக்கு மேலே நாலரை மாடி உயரத்தில் தண்ணீர்த் தொட்டி இருந்தால்தான் உங்கள் குறைந்தபட்சக் கணக்கே தேறும்.

எங்கள் கட்டடம் கீழே வண்டி நிறுத்தம், மேலே மூன்று மாடி. மடிப்பாக்கம், நங்கநல்லூர், வேளச்சேரி என்று இந்தப் பக்கம் எங்கே பார்த்தாலும் இந்த அமைப்புதான். மொட்டை மாடியில் ஐந்தடி மேடை கட்டி அதன்மேல் தொட்டி. மூன்றாவது மாடி ஃபிரிட்ஜின் வால்வுக்கும் தொட்டிக்கும் நடுவில் பதினைந்து அடி என்றால் ஆறரை பிஎஸ்ஐ. இரண்டாவது மாடிக்காரருக்குப் பதினொன்று. முதல் மாடிக்காரருக்கே பதினைந்துதான். அதாவது இந்தக் கட்டடத்தில் யார் வாங்கினாலும் உங்கள் ஐஸ் மேக்கர் உங்கள் கையேட்டின்படியே ஓடாது. பம்ப் வைத்து அழுத்தம் ஏற்றிக் கொடுக்கும் பெரிய அடுக்குமாடி வளாகங்களில் ஓடும். சாதாரணத் தெருவில் ஓடாது.

இதுவும் நேரடியாகத் தொட்டித் தண்ணீரைக் கொடுத்தால்தான். யார் கொடுப்பார்கள்? எங்கள் சம்ப்பில் மெட்ரோ வாட்டரும் போர் தண்ணீரும் கோடையில் லாரித் தண்ணீரும் ஒன்றாகக் கலக்கின்றன. குடிப்பது ஆர்.ஓ. தண்ணீர். ஃபிரிட்ஜில் வைத்திருக்கும் ஃபில்டர் கரித் தூள் ஃபில்டர். குளோரின் வாடையை எடுக்கும், தண்ணீரில் கரைந்த உப்பை எடுக்காது. கரைந்த உப்புகள் லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை இருக்கலாம், வேறு வழியே இல்லாவிட்டால் 2000 வரை பொறுத்துக்கொள்ளலாம் என்று குடிநீருக்கான இந்தியத் தரநிலை சொல்கிறது. அந்த மேல் எல்லைக்குப் பக்கத்தில் இருக்கும் தண்ணீரில் ஐஸ் போட்டுப் பாருங்கள். எலுமிச்சை ஜூஸ் குடித்து முடித்ததும் டம்ளர் அடியில் வெள்ளைத் துகள் தங்கும். வந்த விருந்தாளி அதைப் பார்த்துவிட்டு நம் முகத்தைப் பார்ப்பார்.

சரி, ஆர்.ஓ.விலிருந்து இழுத்துக்கொள்ளலாம் என்றால் இன்னொரு கூத்து. நம் ஊர் ஆர்.ஓ. மெஷினில் இருப்பது ஏழெட்டு லிட்டர் சாதாரண பிளாஸ்டிக் தொட்டி, அதில் அழுத்தமே கிடையாது. சுவரில் மாட்டிய அந்தத் தொட்டி நாலு, ஐந்தடி உயரத்தில் இருக்கிறது. உங்கள் ஐஸ் அச்சு ஃபிரிட்ஜின் மேல் மூலையில், அதைவிட உயரத்தில் இருக்கிறது. தண்ணீர் எப்படி ஐயா மேலே ஏறும்? போதாக்குறைக்கு மூன்றடி அகலப் பெட்டி இரண்டரை அடி சமையலறைக் கதவில் நுழையாது. அதனால் ஃபிரிட்ஜ் சாப்பாட்டு மேஜைக்குப் பக்கத்தில், ஆர்.ஓ. மெஷின் சமையலறையில். நடுவில் கால் அங்குலக் குழாய் சுவரோரமாக ஓடுகிறது.

நிறுவிக் கொடுக்க வந்த தம்பி இதையெல்லாம் ஒரு நிமிஷத்தில் புரிந்துகொண்டான். "அக்கா, மெஷின்ல ஒரு கோளாறும் இல்ல. தண்ணி பிரஷர்தான் பத்தல. வெளியில சொல்லி ஒரு பூஸ்டர் பம்ப் போட்டுக்கோங்க, கம்பெனியில அது வராது" என்றான். அவன்மேல் எனக்கு வருத்தமே இல்லை, உள்ளதைச் சொன்ன ஒரே ஆள் அவன்தான். பம்ப்புக்குத் தனித் தொட்டி, தனி பிளக், அதற்கென்று ஒரு மூலை. இதற்கெல்லாம் நாங்கள் யோசித்துக்கொண்டிருந்தபோது, இருக்கிற அழுத்தத்திலேயே வந்த ஐஸை எடுத்துப் பார்த்தேன். கட்டி என்று சொல்ல முடியாது, மெல்லிய ஓடு. விரலால் அமுக்கினால் நொறுங்கியது, நடுவில் ஒன்றுமே இல்லை. அடுத்த வாரம் வேறு தொல்லை வந்தது. அழுத்தம் குறைந்தால் அந்த வால்வு இறுக்கமாக மூடுவதும் இல்லை, தண்ணீர் சொட்டும். சொட்டிய தண்ணீர் ஐஸ் டப்பாவைச் சுற்றி உறைந்து, டப்பா இழுக்க வராமல் சிக்கிக்கொண்டது.

சென்னைக்கும் அமெரிக்க ஐஸுக்கும் பழைய சொந்தம் உண்டு. பாஸ்டனைச் சேர்ந்த ஃபிரடெரிக் டியூடர், அந்த ஊரைச் சுற்றியிருந்த ஏரிகளில் உறைந்த ஐஸைப் பாளம் பாளமாக அறுத்து, மரத்தூள் போட்டுக் கப்பலில் அனுப்பினார். அதைச் சேமிக்க 1842-ல் கட்டிய ஐஸ் ஹவுஸ்தான் இன்று கடற்கரையில் விவேகானந்தர் இல்லமாக நிற்கிறது. உலகத்தைச் சுற்றி வந்த அந்த ஐஸ் முழுப் பாளமாகத்தான் இறங்கியது, வாங்கியவர் வீட்டில் எத்தனை மாடி இருக்கிறது என்று கேட்கவில்லை. உங்கள் மெஷினோ தெருக் குழாயிலேயே 40, 60 பிஎஸ்ஐ அழுத்தத்தில், அப்படியே குடிக்கக்கூடிய தண்ணீர் வரும் ஊரின் வீட்டை மனதில் வைத்து வரைந்தது. வரைந்தது தப்பில்லை. அந்த வரைபடத்தை இங்கே கொண்டுவந்து விற்கும்போது சொல்லாமல் விடுவதுதான் தப்பு.

இன்னொரு விஷயம், இதில் தண்ணீரைக் குறை சொல்லித் தப்பிக்க முடியாது. பல மாடல்களில் ஐஸ் மேக்கரை ஃப்ரீசரில் வைக்காமல் மேலே, மூன்று நாலு டிகிரி குளிரில் இருக்கும் பகுதியில் ஒரு தனி அறை கட்டி வைக்கிறீர்கள். கீழே ஃப்ரீசரிலிருந்து குளிர்காற்றைக் குழல் வழியாக ஏற்றி அந்தச் சின்ன அறையை மட்டும் உறைநிலைக்குக் கொண்டுவருகிறீர்கள். அறையின் மூடி ரப்பர் கொஞ்சம் தளர்ந்தாலும், கதவைத் திறந்து மூடும்போது போகும் ஈரக்காற்று உள்ளே படிந்து உறையும். நவம்பர் மாதச் சென்னைக் காற்றில் எவ்வளவு ஈரம் இருக்கிறது என்று உங்கள் ஆய்வுக்கூடத்தில் யாராவது பார்த்தீர்களா? நாலு மணி நேரம் கரன்ட் போனால் டப்பாவில் இருப்பது பாதி உருகி, மறுபடி வந்ததும் ஒரே பாறையாகிறது. சாதாரண வீட்டு இன்வெர்ட்டர் பலவற்றில் இவ்வளவு பெரிய ஃபிரிட்ஜ் ஓடாது என்பது உங்களுக்கே தெரியும். பொங்கலுக்கு ஊருக்குப் போய் வந்தால் அந்த ஐஸில் பெருங்காய வாசனை.

உத்தரவாதத்தில் கம்ப்ரசருக்குப் பத்து வருஷம் என்று கொட்டை எழுத்தில் போடுகிறீர்கள். கம்ப்ரசர் அவ்வளவு சீக்கிரம் போவதில்லை. போவது ஐஸ் மேக்கர் மோட்டார், வால்வு, சென்சார், எலெக்ட்ரானிக் போர்டு. இவற்றுக்கு ஒரு வருஷம். ஆறு மாதத்துக்கு ஒரு முறை மாற்றச் சொல்லும் ஃபில்டருக்கு அதுவும் இல்லை. 2022 டிசம்பரில் மத்திய நுகர்வோர் விவகாரத் துறை பழுதுபார்க்கும் உரிமைக்கென்று ஓர் இணையதளம் தொடங்கியது. அதில் உங்கள் பெயரைப் போட்டுக்கொண்டால் மட்டும் போதாது. ஐஸ் மேக்கரின் ஒவ்வொரு பாகமும் என்ன விலை, எத்தனை வருஷம் கிடைக்கும் என்று அங்கே எழுதுங்கள். ஒரு வால்வுக்காக முழுத் தொகுப்பையும் மாற்றச் சொல்லும் பழக்கத்தையும் விடுங்கள்.

விற்கும் இடத்தில் செய்ய வேண்டியதற்குப் பெரிய செலவே இல்லை. விலைச் சீட்டில், நட்சத்திரக் குறியீட்டுக்குப் பக்கத்தில், தமிழில் இரண்டு வரி: "ஐஸ் மேக்கருக்கு 20 பிஎஸ்ஐ தண்ணீர் அழுத்தம் தேவை. தொட்டி ஃபிரிட்ஜுக்கு மேலே 46 அடி உயரத்தில் இல்லாவிட்டால் தனி பம்ப் வாங்க வேண்டும்." 2019-ம் வருஷ நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் பொருளின் தரத்தையும் விலையையும் பற்றித் தெரிந்துகொள்வதை எங்கள் உரிமை என்கிறது. பம்ப்புக்குக் கொடுக்கும் காசு இந்த ஃபிரிட்ஜின் விலையில் சேராதா? பில் போடுவதற்கு முன்னால் எந்த மாடி, என்ன தண்ணீர், குழாய் எவ்வளவு தூரம் என்று மூன்று கேள்வி கேட்கச் சொல்லுங்கள். பதிலைக் கேட்டுவிட்டு, "உங்க வீட்டுக்கு இது சரிவராதும்மா, கையால தண்ணி ஊத்துற மாடல் எடுத்துக்கோங்க" என்று சொல்லும் கடைக்காரரிடம் நாங்கள் அடுத்த வாஷிங் மெஷினும் வாங்குவோம்.

ஆமாம், அப்படி ஒரு மாடல் இருக்கிறது. உள்ளே ஒரு சின்னத் தொட்டி, அதில் ஆர்.ஓ. தண்ணீரை நாமே ஊற்றிவிட்டால், குட்டி பம்ப் ஒன்று அச்சுக்கு ஏற்றிவிடும். தெருக் குழாய் அழுத்தமும் வேண்டாம், சுவரில் குழாயும் வேண்டாம். உங்களில் சிலர் இதைச் செய்கிறீர்கள், ஆனால் அது குறைந்த விலைக்காரருக்கு என்பதைப் போல மூலையில் நிறுத்திவைக்கிறீர்கள். இந்த ஊருக்கு அதுதான் முதல் வரிசையில் நிற்க வேண்டிய சரக்கு.

இப்போதைக்கு என் வீட்டில் ஐஸ் மேக்கரை அணைத்து வைத்திருக்கிறேன். கீழே ஃப்ரீசர் டிராயரில் பழைய பிளாஸ்டிக் தட்டு நாலு. நன்னாரி சர்பத்துக்கும் நீர்மோருக்கும் அது போதும். ஆனால் மேலே இடது மூலையில் அந்த ஐஸ் அறை சும்மா இடத்தை அடைத்துக்கொண்டு நிற்கிறது. அதனால் அந்தத் தட்டில் உயரமான பாத்திரம் எதுவும் நிற்பதில்லை. அதைக் கழற்றி எடுத்துவிட்டு, குளிர்காற்றுத் துளையை முறையாக அடைத்து, அங்கே முழு அகலத்துக்கு ஒரு கண்ணாடித் தட்டு போட்டுத் தர உங்கள் சர்வீஸ் பிரிவால் முடியுமா? கால் சென்டரில் கேட்டால் அப்படி ஒரு பாகம் பட்டியலில் இல்லை என்கிறார்கள். பட்டியலில் சேர்த்து, என்ன விலை என்று சொல்லுங்கள். கொடுத்துவிடுகிறேன்.

இப்படிக்கு,
மூன்றாவது மாடி வாடிக்கையாளர் ஒருத்தி,
மடிப்பாக்கம், சென்னை.