அடித்தல் திருத்தலுக்கும் மார்க் போடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

கல்லூரிப் பிள்ளைகளுக்கு நாலு வரி ஆங்கிலம் எழுத வரவில்லை என்று ஆளாளுக்குக் குறை சொல்கிறோம். கிருஷ்ணகிரிப் பக்கம் ஒரு கலைக் கல்லூரியில் ஆங்கிலம் நடத்துகிறவன் நான். அவர்களை நாம் எழுதவே விட்டதில்லை.

போன மாதம் இரண்டாமாண்டு மாணவி ஒருத்தி விடுப்புக் கடிதம் நீட்டினாள். வழக்கமான 'ஆஸ் ஐ ஆம் சஃபரிங் ஃப்ரம் ஃபீவர்'தான். பள்ளிக்கூடத்தில் மனப்பாடம் செய்தது, வீட்டில் எது நடந்தாலும் கடிதத்தில் காய்ச்சல்தான் வரும். நிஜமா என்னம்மா ஆச்சு என்றால், மாடு கன்னு போட்டுச்சு சார் என்கிறாள். அதையே எழுது என்றேன், முழித்தாள். சரி, முதலில் தமிழில் எழுது என்றதும், 'ராத்திரி மாடு கன்று போட்டு, அப்பா ஓசூருக்கு வேலைக்குப் போய்விட, அம்மா தனியாக இருந்ததால் நான் வரவில்லை' என்று ஒரே மூச்சில் எழுதிவிட்டாள். தமிழில் இப்படி எச்சமாகக் கோத்துக்கொண்டே போய்க் கடைசியில் வினையை வைத்து முடிக்கலாம், ஆங்கிலத்தில் அப்படியே இழுத்தால் சிக்கிக்கொள்ளும். மூன்று துண்டாக வெட்டச் சொன்னேன். 'அவர் கௌ கேவ் பர்த் லாஸ்ட் நைட்' சரியாகவே வந்தது. அடுத்த வரி 'மை மதர் அலோன்'. 'வாஸ்' இல்லை, தமிழில் யோசித்தால் அது விட்டுப்போகத்தான் செய்யும். சத்தமாகப் படித்துப் பார்த்து அவளே அதைக் கண்டுபிடித்து, மேலே செருகினாள். எல்லாம் கால் மணி நேரம்.

எழுதுகிறவர் திட்டமிடுவதும் எழுதுவதும் திருத்துவதும் வரிசையாக நடப்பதில்லை, முன்னும் பின்னும் போய்வந்துதான் எழுதுகிறார் என்று அமெரிக்காவில் எழுதும் முறையை ஆராய்ந்த லிண்டா ஃபிளவரும் ஜான் ஹேய்ஸும் 1981-லேயே எழுதினார்கள். நாமோ முதல் வகுப்பிலிருந்தே 'அடித்தல் திருத்தல் இல்லாமல் எழுது' என்று மிரட்டி வைத்திருக்கிறோம், அப்புறம் பிள்ளை கைடை ஒப்பிக்காமல் என்ன செய்யும்? அதற்கு மார்க் போட்டவர்களில் நானும் ஒருவன். விடைத்தாள் கட்டு முன்னால் இருக்கும்போது ஞானம் வருவதில்லை.

இந்தப் பக்கத்தில் வீட்டில் தெலுங்கோ கன்னடமோ, வெளியே தமிழுமாகப் பேசி வளர்ந்த பிள்ளைகள் ஏராளம். இன்னொரு மொழி பழகுவது அவர்களுக்குப் புதுசில்லை. இப்போது அசைன்மென்டைப் போனே எழுதிக் கொடுத்துவிடுகிறது, அது வேறு.

அகமதிப்பீட்டில் 5 மதிப்பெண்ணையாவது இதற்கு ஒதுக்கலாம். வகுப்பிலேயே உட்கார்ந்து, சொந்த விஷயத்தைப் பற்றி ஒரு பத்தி; அடித்துத் திருத்திய முதல் தாளையும் மறுபடி எழுதியதையும் சேர்த்துக் குத்திக் கொடுக்கட்டும்.

ஓர் ஆங்கில விரிவுரையாளர்,
கிருஷ்ணகிரி