நகம் வெட்டிவிட்டவருக்கு

அன்புள்ள அனைவருக்கும்,

ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்து நான்கு நாள் ஆகிறது. தையல் பிரித்தாயிற்று. நடந்தது உங்களுக்கெல்லாம் தெரியும். திரும்ப எழுத எனக்குத் தெம்பில்லை. ரத்தம் கொடுத்தவர்கள், பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பிவைத்தவர்கள், வாசலில் சாப்பாட்டை வைத்துவிட்டுக் காலிங் பெல்லை அடித்து ஓடியவர்கள், விடாமல் செபமாலை சொன்ன செபக்குழுவினர், நோயாளிக்கு எண்ணெய் பூசிச் செபிக்கிற நோயில்பூசுதல் கொடுக்க மழையில் நனைந்து வந்த பங்குத்தந்தை, எல்லாருக்கும் நன்றி. பெயர் சொல்ல ஆரம்பித்தால் யாரையாவது விட்டுவிடுவேன், அப்புறம் வம்பு.

ஒருவரைப் பற்றி மட்டும் கொஞ்சம் சொல்ல வேண்டும். அவர் பெயர் எனக்குத் தெரியாது. இரவு ஷிப்டில் வார்டைத் துடைக்க வருகிற பெண்.

குனிய முடியாமல் மூன்று வாரம் கிடந்தேன். கால் நகம் வளர்ந்து, புரளும்போதெல்லாம் போர்வையில் மாட்டி இழுக்கும். இதைப் போய் யாரிடம் சொல்வது? ஒரு இரவு அவர் பார்த்துவிட்டார். "நகம் மாட்டுதே, வெட்டிவிடட்டுமாம்மா?" என்றார். "ஐயோ, வேண்டாம்மா" என்று காலை உள்ளே இழுத்தேன். இழுத்த வேகத்தில் தையல் சுரீரென்றது. அவர் ஒன்றும் பேசவில்லை. தரையைத் துடைத்து முடித்து, கை கழுவிக்கொண்டு, ஒரு கிண்ணத்தில் வெதுவெதுப்பான தண்ணீரும் நகவெட்டியுமாக வந்தார். குதிகால் வெடிப்பில் கட்டைவிரலை வைத்து மெதுவாகத் தேய்த்தார். சுண்டுவிரல் நகம் கல் மாதிரி. அதற்கே ஐந்து நிமிடம் பிடித்தது. வெட்டிய துண்டுகளைக் காகிதத்தில் மடித்து எடுத்துக்கொண்டு போனார்.

நான் இருபது வருடம் மறைக்கல்வி சொல்லிக்கொடுத்தவள். இயேசு தம் சீடர்களின் காலைக் கழுவுகிற யோவான் நற்செய்தி 13-ஆம் அதிகாரம் தலைகீழாகப் பாடம். 'என் காலைக் கழுவவே விடமாட்டேன்' என்று பேதுரு அடம்பிடித்ததை, முரட்டு அன்பு என்றுதான் பிள்ளைகளிடம் சொல்லி வந்தேன். அதில் பாதி கௌரவம் என்று அன்றைக்குத்தான் புரிந்தது. அடுத்தவர் காலைக் கழுவுவது எனக்குச் சுலபம். அங்கே நான் கொடுக்கிறவள். காலை நீட்டுவதுதான் கஷ்டம்.

பார்க்க வந்த சிலர், "வலியை ஆண்டவருக்கு ஒப்புக்கொடு" என்றார்கள். தப்பில்லை. கிறிஸ்துவின் வேதனையில் குறைவாயிருப்பதைத் தம் உடலில் நிறைவு செய்வதாகப் பவுலும் கொலோசையருக்கு எழுதுகிறார். திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் துன்பத்தைப் பற்றி 1984-இல் எழுதிய மடல் அந்த வரியில்தான் தொடங்குகிறது. ஆனால் அவர், 1981-இல் வயிற்றில் துப்பாக்கிக் குண்டு வாங்கிப் பிழைத்தவர். கட்டிலுக்குப் பக்கத்தில் நின்றபடி நாம் சொல்வது வேறு. பைபிளில் எல்லாவற்றையும் இழந்து தவித்த யோபுவின் நண்பர்கள்கூட, ஏழு நாள் வாய் திறக்காமல் தரையில் உட்கார்ந்திருந்த வரைக்கும் நல்ல நண்பர்கள்தான். (கோபித்துக்கொள்ளாதீர்கள், கொண்டுவந்த பழங்கள் நன்றாக இருந்தன.)

நானும் ஒப்புக்கொடுத்துக்கொண்டுதான் இருந்தேன். 'பாரும் ஆண்டவரே, எப்படித் தாங்குகிறேன்' என்று, அதிலும் ஒரு மிடுக்கு. அந்தக் கிண்ணத்துத் தண்ணீருக்குப் பிறகு அப்படிச் சொல்ல வாய் வரவில்லை. வலி என்னவோ அப்படியேதான் இருந்தது. 'இந்தாரும்' என்று மட்டும் சொன்னேன். அடுத்த கட்டிலில் இரவெல்லாம் முனகிய பாட்டிக்காகவும் சேர்த்துச் சொன்னேன். அதுவரை அவர் எனக்கு வெறும் தூக்கக் கெடுதல்.

வீட்டுக்குக் கிளம்பும் அன்று அந்தப் பெண்ணைத் தேடினேன். பகலில் அவர் வருவதில்லையாம். யாராவது இதை அவருக்கு வாசித்துக் காட்டினால் புண்ணியம்.

பங்குத்தந்தைக்கு ஒரு விண்ணப்பம். பாதம் கழுவும் சடங்கில் பெண்களையும் சேர்க்கலாம் என்று 2016-இல் திருத்தந்தை பிரான்சிஸ் விதியை மாற்றியதிலிருந்து, ஈஸ்டருக்கு முந்தைய பெரிய வியாழன் வந்தால் பங்கில் என்னைக் கூப்பிடுவார்கள். பாடகர் குழுவைச் சாக்குச் சொல்லித் தப்பித்துவிடுவேன். இந்த வருடம் பன்னிரண்டு நாற்காலியில் ஒன்றை எனக்கு வையுங்கள். குதிகால் வெடிப்பு இன்னும் ஆறவில்லை, முன்னமே சொல்லிவிடுகிறேன்.