ஒன்பது வருஷத்துக்கு ஒரு வார்த்தை

அன்பு மாப்ளே,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிவிட்டது. பேத்திக்குக் காது குத்திய சேதி, வீட்டுக்குச் சுண்ணாம்பு அடித்த சேதி எல்லாம் படித்தேன். ஆனால் கடைசியில் ஒரு வரி எழுதியிருந்தாயே, "குடியை விட்டு வருகிற தையோடு ஒன்பது வருஷம்" என்று, அதைத்தான் நானும் உன் தங்கச்சியும் மாற்றி மாற்றிப் படித்தோம். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அந்த ஒரு வரிக்குச் சரியான பதில் எழுத வேண்டும் என்றுதான் இத்தனை நாள் தள்ளிப்போட்டேன்.

நான் எஸ்பெராண்டோ கற்றது உனக்குத் தெரியும். கண் மருத்துவர் சாமென்ஹோஃப் 1887-இல் வார்சாவில் வெளியிட்ட மொழி, எந்த நாட்டுக்கும் சொந்தமில்லாதது. இப்போது அந்த மொழி வழியாகவே நாலு பேருக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கிறேன். அதில் ஹங்கேரிக்காரப் பெண் ஒருத்தி, நர்ஸ். இங்கிலாந்தில் குடிநோய் சிகிச்சைப் பிரிவில் வேலைக்குப் போகப்போகிறாள். "நோயாளிகள் வாயில் வருகிற ஆங்கிலம் வேண்டும்" என்று கேட்டாள். அதனால் இரண்டு மாதமாக எங்கள் வகுப்பில் குடியும் போதையும்தான் பாடம். ஒவ்வொரு வார்த்தையிலும் உன் முகம் வந்து நிற்கிறது.

முதல் நாளே 'ட்ரிங்க்'கில் சிக்கினோம். எஸ்பெராண்டோவில் குடிப்பதற்கு இரண்டு வினை. தமிழில் எழுதினால் இரண்டுமே 'ட்ரிங்கி'தான். முதலாவதை 'டிக்கெட்'டில் வரும் ட மாதிரி சொல்ல வேண்டும், அது தண்ணீர், பால் எதற்கும் பொருந்தும். இரண்டாவதை 'டப்பா'வில் வரும் ட மாதிரி சொல்ல வேண்டும், அது சாராயம் குடிப்பதற்கு மட்டும், அதுவும் அளவு மீறி. ஆங்கிலத்தில் இந்தப் பிரிவினை இல்லை. "ஹி ட்ரிங்க்ஸ்" என்று எழுதிப்போட்டேன். "எதைக் குடிக்கிறார்?" என்று கேட்டாள். நமக்கு இதை விளக்கவே வேண்டாம். பெண் பார்க்கிற வீட்டில் குரலைத் தாழ்த்தி "பையன் குடிப்பாரா?" என்று கேட்டால், காபியைப் பற்றி என்று யாராவது நினைப்பார்களா?

அப்புறம் அளவு. இங்கிலாந்தில் 'யூனிட்' கணக்கில்தான் டாக்டர்கள் கேட்பார்கள். ஒரு யூனிட் என்றால் சுத்தமான ஆல்கஹால் 10 மில்லி. வாரத்துக்கு 14 யூனிட்டுக்கு மேல் போகாமல் இருப்பது நல்லது என்று 2016 முதல் அங்கே அறிவுரை. பாடத்துக்காகக் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தவன், நம்மூர் குவார்ட்டருக்கும் போட்டுப் பார்த்தேன். 180 மில்லி, பாட்டிலில் 42.8 சதவீதம் என்று போட்டிருப்பான். கிட்டத்தட்ட எட்டு யூனிட். நீ கடைசி வருஷங்களில் தினமும் இரண்டு குவார்ட்டர். ஒரே நாளில், அங்கே ஒரு வாரத்துக்குச் சொல்கிற அளவைத் தாண்டியிருக்கிறாய். பேனாவை வைத்துவிட்டு மொட்டைமாடிக்குப் போய்க் கொஞ்ச நேரம் நின்றேன்.

விட்ட குடியை மறுபடி ஆரம்பித்தால் ஆங்கிலத்தில் 'வேகனிலிருந்து விழுந்தான்' என்பார்கள். எஸ்பெராண்டோவில் 'வாகோனோ' என்றால் ரயில் பெட்டி. ஒருவன் ஓடும் ரயிலிலிருந்து விழுந்துவிட்டான் என்று நினைத்து அவள் பதறிப்போனாள். அந்த வேகன், அமெரிக்கத் தெருக்களில் புழுதி அடங்கத் தண்ணீர் தெளித்துக்கொண்டு போன வண்டி. குடியை விட்டவன் அதில் ஏறிவிட்டானாம், இனி தண்ணீர்தான். மறுபடி தொட்டால் விழுந்தான் என்று கணக்கு. விழுந்தவன் திரும்ப ஏறலாம், வண்டி மெதுவாகத்தான் போகும் என்று அவளிடம் சொன்னேன். நீயும் இரண்டு தடவை விழுந்து ஏறியவன்தானே.

'கோல்ட் டர்க்கி'க்கு ஒரு வகுப்பு முழுக்கப் போனது. எடுத்த எடுப்பில் ஒரேயடியாக விடுவதற்கு அந்தப் பேர். பேச்சில் அது வைராக்கியம் மாதிரித் தொனிக்கும். ஆனால் வருஷக்கணக்காக நிறையக் குடித்தவர் டாக்டரின் கண்காணிப்பு இல்லாமல் அப்படி நிறுத்துவது உயிருக்கே ஆபத்து. கை நடுங்கும், வலிப்பு வரலாம், இரண்டு மூன்று நாள் கழித்து புத்தி தடுமாறி, இல்லாததெல்லாம் கண்ணில் தெரிகிற 'டெலிரியம் ட்ரெமென்ஸ்' வரலாம். அந்த நர்ஸுக்கு மருத்துவம் எனக்கு மேலேயே தெரியும். நோயாளிகள் அதை 'டீட்டீஸ்' என்று சுருக்கிச் சொல்வதுதான் அவளுக்குப் புதிது. அந்த வார்த்தையைச் சொன்னபோது எனக்கு அந்த மூன்றாம் நாள் ராத்திரிதான் ஞாபகம். நீ போர்வையிலிருந்து எறும்பு எறும்பாகக் கிள்ளி என் உள்ளங்கையில் வைத்தாய். "கீழே போட்டுராத, கடிக்கும்" என்றாய். போர்வையில் எறும்பே இல்லை. விடியும்வரை நான் கையை மூடி மூடி வாங்கிக்கொண்டே இருந்தேன். இதை உன்னிடம் இதுவரை சொன்னதில்லை.

சரி, இனி உன் ஒன்பது வருஷத்துக்கு வருகிறேன். ஆங்கிலத்தில் அதற்கு 'சோபர்'. எஸ்பெராண்டோவில் 'ஸோப்ரா' என்று ஒரு சொல் உண்டு. கேட்க ஒன்றுபோல இருக்கும், பொருள் வேறு. சாப்பாட்டிலும் குடியிலும் அளவோடு இருப்பவர் 'ஸோப்ரா'. "ஆறு வருஷமாக சோபராக இருக்கிறேன்" என்று ஒரு வாக்கியம் கொடுத்தேன். "ஆறு வருஷமாக அளவாகக் குடிக்கிறார்" என்று மொழிபெயர்த்தாள். வார்டில் உட்கார்ந்து இதைக் கேஸ் ஷீட்டில் எழுதினால் என்ன ஆகும்? ஆறு வருஷம் ஒரு சொட்டுத் தொடாத மனிதரின் பாடு அத்தனையும் ஒரே வரியில் போய்விடும். அன்று அதை நாலு வாக்கியத்தில் மாற்றி மாற்றிச் சொல்லவைத்த பிறகுதான் விட்டேன்.

ஆளைக் குறிக்கிற சொற்கள் இன்னும் கஷ்டம். பழைய ரோமில் கடனைக் கட்ட முடியாதவனை நீதிபதி கடன் கொடுத்தவனிடமே ஒப்படைத்துவிடுவார். அப்படி ஒப்படைக்கப்பட்டவன் 'அடிக்டஸ்'. 'அடிக்ட்' அதிலிருந்து வந்தது. நாமும் 'குடிக்கு அடிமை' என்றுதானே சொல்கிறோம். அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 2013-இல் பழைய பெயர்களை எடுத்துவிட்டு 'ஆல்கஹால் யூஸ் டிஸ்ஆர்டர்', அதாவது மதுப் பழக்கக் கோளாறு, என்று மாற்றியது. அவருக்கு இந்த நோய் இருக்கிறது என்று சொல், அவரே நோய் என்று சொல்லாதே என்பது அதற்குப் பின்னால் வளர்ந்த பேச்சு. ஆனால் குடியை விட நினைப்பவர்கள் ஒருவருக்கொருவர் துணையாகக் கூடும் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் கூட்டத்தில் எழுந்து நிற்பவர் "நான் ஒரு ஆல்கஹாலிக்" என்று தானே சொல்கிறார். "அப்படியானால் நானும் சொல்லலாமா?" என்று கேட்டாள். அவர் சொல்லலாம், நீ சொல்லக் கூடாது என்றேன்.

சொன்ன வாய் கூசியது. ஏனென்றால் நான் சொல்லியிருக்கிறேன். ஆஸ்பத்திரி வாசலில் உன்னை ஸ்ட்ரெச்சரில் படுக்கவைத்திருந்தார்கள். சீட்டுப் போடுகிறவர் "என்ன பிரச்சினை?" என்றார். "குடிகாரன் சார்" என்றேன். உனக்கு நினைவு இருந்தது. நீ முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டதைப் பார்த்தேன். ஒன்பது வருஷமாக அது என் தொண்டையில் நிற்கிறது. என்னை மன்னித்துவிடு மாப்ளே.

போன வாரம் அந்தப் பெண் ஒன்று எழுதிக் காட்டினாள். எஸ்பெராண்டோவில் குடிகாரனுக்கு 'ட்ரிங்குலோ', டப்பா ட போட்டு. அதில் காலம் கிடையாது, ஒரு தடவை ஒட்டினால் ஒட்டியதுதான். அவள் அதை விட்டுவிட்டு 'ட்ரிங்கிந்தோ' என்று எழுதியிருந்தாள். அந்த 'இந்தோ' இறந்தகாலம். குடித்தவர். நம் பள்ளிக்கூடத்து வினையாலணையும் பெயர் அப்படியே! குடித்தவர், குடிக்கிறவர், குடிப்பவர் என்று மூன்று காலமும் இரண்டு மொழியிலும் இருக்கிறது. ஆங்கிலத்தில் இதற்கு ஒற்றைச் சொல் இல்லை. 'ரெக்கவரிங்' என்று முடியாத காலத்தில்தான் சொல்கிறார்கள், தேறிக்கொண்டிருப்பவர் என்று.

எனக்குக் 'குடித்தவர்' பிடித்திருக்கிறது. ஆனால் நீ ஒருமுறை சொன்னாய், இன்றைக்கு மட்டும் குடிக்கவில்லை, நாளைக்கு நாளைக்குப் பார்க்கலாம் என்று. அப்படிப் பார்த்தால் ஆங்கிலக்காரன் சொல்வதும் சரி என்று தோன்றுகிறது. உன்னைப் பற்றி நீயே எப்படிச் சொல்லிக்கொள்கிறாய்? உங்கள் கூட்டத்தில் தமிழில் என்ன சொல்கிறீர்கள்? அந்தப் பெண்ணிடம் கேட்டுச் சொல்கிறேன் என்று ஒப்புக்கொண்டிருக்கிறேன்.

பொங்கல் கழிந்து நாங்கள் இருவரும் வருகிறோம். உன் தங்கச்சி அதிரசத்துக்கு வெல்லம் வாங்கியாயிற்று. அதற்குள் இரண்டு வரி எழுதிப் போடு.

உன் பழைய அறைத்தோழன்