பந்து தரையில் படாத ஆட்டம்

அன்பு மாப்ளே,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. உடனே பதில் போட்டிருக்கலாம், ஆனால் போகிற போக்கில் ஏதோ சொல்லிவிட எனக்கு மனசு வரவில்லை. இருபத்து மூன்று வயதுப் பையன், கிரிக்கெட் லீகில் மூன்று சீசன் ஓப்பனராக ஆடியவன், திடீரென்று "அப்பா, நான் பேஸ்பாலில் தொழில்முறை ஆட்டக்காரனாகப் போகிறேன்" என்று வந்து நின்றால் உனக்கு எப்படி இருந்திருக்கும் என்று புரிகிறது. தங்கச்சி இரண்டு நாள் அவனிடம் பேசவே இல்லை என்று எழுதியிருந்தாய். முதலில் அவளைச் சமாதானப்படுத்து. அவன் ஓடிப்போகவில்லை, உன்னிடம் வந்து சொல்லியிருக்கிறான்.

"உலகத்தில் யாராவது இப்படிச் செய்திருக்கிறார்களா?" என்று கேட்டிருந்தாய். செய்திருக்கிறார்கள். மேற்கிந்தியத் தீவுகளின் கீரன் பவலை நினைவிருக்கிறதா? நெவிஸ் தீவிலிருந்து வந்த இடதுகை ஓப்பனர். 2012இல் மிர்பூரில் வங்காளதேசத்துக்கு எதிராக ஒரே டெஸ்ட்டின் இரண்டு இன்னிங்ஸிலும் சதம் அடித்தார், 117ம் 110ம். 2014க்குப் பிறகு அணியில் அவரைக் காணோம். அப்புறம் பார்த்தால், ஃப்ளோரிடாவில் பேஸ்பால் பயிற்சி எடுத்துக்கொண்டிருந்தார். நியூயார்க் மெட்ஸ் அணிக்காரர்கள் கூப்பிட்டுச் சோதித்தும் பார்த்தார்கள். ஒப்பந்தம் அமையவில்லை. கிரிக்கெட்டுக்கே திரும்பி, 2017இல் டெஸ்ட் அணியிலும் இடம்பிடித்தார். அதே ஆண்டு ஹெடிங்லியில் இங்கிலாந்தை மேற்கிந்தியத் தீவுகள் வென்ற அந்த டெஸ்ட்டில் ஓப்பனராக இறங்கியவர்களில் அவரும் ஒருவர். 'தோற்றுப்போய் வந்தார்' என்று சிலர் சொல்வார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. இருபத்தைந்து வயதில், டெஸ்ட் சதங்கள் கையில் இருக்கும்போது, அரிச்சுவடியிலிருந்து இன்னொரு ஆட்டத்தைப் படிக்க உட்காருவதற்கு நெஞ்சுரம் வேண்டும்.

உன் கடிதம் வந்த வாரம் நானே ஒரு பேட்டிங் கேஜுக்குப் போனேன். இதைப் பற்றிப் பேச எனக்குத் தகுதி வேண்டுமல்லவா. வலைக்குள் நின்றால் எதிரே இயந்திரம் பந்தை எறியும். முதல் பந்து என் மார்பு உயரத்தில் வந்தது. நான் என்ன செய்தேன் தெரியுமா? அது தரையில் குத்துவதற்காகக் காத்திருந்தேன்! பின்னால் இருந்த வலையில் 'தொப்'பென்று விழுந்த பிறகுதான் உறைத்தது, இது குத்தாது என்று. முப்பது வருஷமாக என் கண் பந்து பிட்சாகும் இடத்தைத் தேடியே பழகியிருக்கிறது. லெங்த்தைப் பார்த்துத்தான் காலை முன்னால் வைப்பதா பின்னால் போவதா என்று முடிவெடுப்போம். அங்கே லெங்த் என்ற ஒன்றே கிடையாது. எல்லாமே ஃபுல் டாஸ். கேட்க எளிதாக இருக்கிறது. ஆனால் 150 கிலோமீட்டர் வேகத்தில் வருகிற பந்து, கையை விட்டுக் கிளம்பி 0.4 நொடியில் உன்னிடம் வந்துவிடும். அதற்குள் கடைசி நேரத்தில் சரியும், விழும், உள்ளே திரும்பும்.

மட்டை வேறு உருண்டை. நம் மட்டை 10.8 சென்டிமீட்டர் அகலம், முகம் தட்டை. பேஸ்பால் மட்டையின் தடித்த இடமே 6.6 சென்டிமீட்டருக்கு மேல் போகக்கூடாது. இருபது பந்து ஆடினேன். ஆறு பந்து மட்டையில் பட்டது, அதில் நேராகப் போனது இரண்டுதான். மேல் கை பிடித்து நடத்த, கீழ்க் கை சும்மா துணைக்கு இருக்க என்று நம் கோச் அடித்துச் சொல்லிக்கொடுத்தாரே, அது இங்கே எதிரி. இடுப்பு முதலில் திரும்ப வேண்டும், கை பின்னாலேயே தங்கி வர வேண்டும். மறுநாள் என் விலா எலும்புக்குக் கீழே எந்தத் தசை இருக்கிறது என்பதெல்லாம் தெரிந்தது.

உன் பையனின் லேட் கட்டைப் பற்றி நீ எத்தனை கடிதத்தில் எழுதியிருக்கிறாய்! அங்கே அது செல்லாக் காசு. அடிக்கிறவன் நிற்கிற ஹோம் பிளேட்டிலிருந்து விரிகிற 90 டிகிரிக்குள் போனால்தான் அடி. ஃபைன் லெக், தேர்ட் மேன் எல்லாம் ஃபௌல். ஆனால் ஒரு விஷயத்தை யோசித்துப் பார்த்தேன், அதைத் தம்பியிடம் கட்டாயம் சொல். நல்ல பந்தைத் தவறவிட்டால் ஸ்ட்ரைக், மூன்று ஸ்ட்ரைக் ஆனால் அவுட். ஆனால் இரண்டு ஸ்ட்ரைக் ஆன பிறகு பந்து யார் கையிலும் பிடிபடாமல் ஃபௌலாகப் போனால் அவுட் கிடையாது. பன்ட் செய்யாமல், அதாவது மட்டையைச் சும்மா நீட்டித் தட்டாமல், வீசி ஆடியிருந்தால் போதும். எத்தனை முறை வேண்டுமானாலும் தட்டிவிட்டுக்கொண்டே இருக்கலாம், பந்தெறிகிற பிட்சர்தான் களைத்துப் போவான். நல்ல பந்தை எப்படியாவது மட்டையின் ஓரத்திலாவது வாங்கித் தப்பிக்கிற வித்தை ஓப்பனருக்குப் பால்குடிப் பழக்கம். புதுப் பந்தைச் சமாளித்து வளர்ந்தவனுக்கு அங்கே ஏதாவது மூலதனம் உண்டென்றால் இதுதான் என்று நினைக்கிறேன்.

ஆனால் எனக்கு உண்மையில் கவலை தருவது ஸ்விங்கோ மட்டையோ இல்லை. நீயும் நானும் எப்படி வளர்ந்தோம்? விக்கெட்டைக் கொடுக்காதே, விக்கெட்டைக் கொடுக்காதே. ஒரு தப்பு, அன்றைய நாள் முடிந்தது. நீ பதினோரு ரன்னில் அவுட்டாகி, மாலை வரை பேட் கட்டியபடியே மரத்தடியில் உட்கார்ந்திருந்தாயே, மறந்துவிட்டாயா? உன் பையனும் அந்த ரத்தம்தான். பேஸ்பாலில் பத்து முறை போய் ஏழு முறை வெறுங்கையோடு திரும்புகிறவன் நட்சத்திரம். பேஸ்பாலின் உச்ச லீகான மேஜர் லீகில் ஒரு சீசனுக்கு 162 ஆட்டம், அநேகமாகத் தினமும். இன்று நான்கு முறையும் சொதப்பினால் நாளை மாலை மறுபடி போய் நிற்க வேண்டும், நேற்றைய முகத்தைக் கழுவிவிட்டு. மைக்கேல் ஜோர்டான் கூடைப்பந்தில் உச்சியில் இருந்தவர். 1994இல் பேஸ்பாலுக்கு வந்து பர்மிங்ஹாம் பேரன்ஸ் அணிக்கு 127 ஆட்டம் ஆடினார், சராசரி .202, அதாவது பத்து முறைக்கு இரண்டு அடிதான்; மூன்று ஸ்ட்ரைக் வாங்கி அவுட்டானது 114 முறை. ஆனாலும் தினமும் போய் நின்றார். அந்தத் தோலைத்தான் தம்பி வளர்த்துக்கொள்ள வேண்டும், கையின் பழக்கத்தை அப்புறம் மாற்றிக்கொள்ளலாம்.

பந்தெறிகிறவனாகப் போகலாமா என்றும் கேட்டிருக்கிறான் போல. 2008இல் ரிங்கு சிங், தினேஷ் படேல் என்று இரண்டு பேரை பிட்ஸ்பர்க் பைரேட்ஸ் அணி எடுத்ததே, அவர்கள் கிரிக்கெட்காரர்கள் இல்லை, ஈட்டி எறிகிறவர்கள். எனக்கு அதில் ஆச்சரியமே இல்லை. நாம் கையை மடக்காமல் போடப் பழகியவர்கள், அங்கே முழங்கைதான் எல்லாம். அவசரப்பட்டு வேகம் ஏற்றினால் முழங்கைத் தசைநார் கிழிந்துவிடும். டாமி ஜான் என்ற பிட்சருக்கு 1974இல் செய்த அறுவைசிகிச்சை, அவர் பெயராலேயே இன்றும் அழைக்கப்படுகிறது. அத்தனை பேருக்கு அது தேவைப்பட்டிருக்கிறது. எல்லையிலிருந்து இவன் எறிகிற த்ரோ நன்றாக இருக்கும் என்றாயே, அதை வைத்து அவுட்ஃபீல்டுக்கு, எல்லைப் பக்கம் நின்று பந்து தடுக்கிற இடத்துக்கு, முயலட்டும். கேட்ச் பிடிக்கச் சொல்லித்தர வேண்டியதில்லை. இடது கை க்ளவுஸுக்குள் ஒற்றைக் கையால் பிடிப்பது மட்டும் ஒரு மாதத்தில் பழகிவிடும்.

வயது இடிக்கிறது, அதை மறைக்க மாட்டேன். வெளிநாடுகளில் அந்த அணிகள் பதினாறு வயதுப் பையன்களோடு ஒப்பந்தம் போடுகின்றன. இவனுக்கு எதிரே நிற்கப் போகிறவர்கள் ஏழு வயதிலிருந்து அந்தச் சுழலும் பந்தையே பார்த்து வளர்ந்தவர்கள். அதனால் பதினெட்டு மாதம் என்று ஒரு கெடு வை. ஆனால் கெடு என்று நீ சொல்லாதே, அவனையே சொல்லச் சொல். அதுவரை பணத்துக்கு அவன் என்ன செய்வான் என்பதையும் அவனே எழுதிக் கொண்டுவரட்டும். கிரிக்கெட் கிட்டை யாருக்கும் கொடுத்துவிட வேண்டாம், பரணில் இருக்கட்டும்.

என் முழங்கால் இப்போது பரவாயில்லை, சனி, ஞாயிறுகளில் பிள்ளைகளுக்குப் பந்து போடுகிற அளவுக்குத் தேறிவிட்டது. நீ சர்க்கரைக்கு மாத்திரை ஒழுங்காகப் போடுகிறாயா?

ஒன்று செய். அடுத்த முறை தம்பி கேஜுக்குப் போகும்போது பக்கவாட்டில் நின்று போனில் வீடியோ எடுத்து அனுப்பு. நன்றாக அடித்த பந்தெல்லாம் எனக்கு வேண்டாம். வரிசையாக மூன்று பந்து மட்டையில் படாமல் போன பிறகு, நான்காவதுக்கு அவன் எப்படி நிற்கிறான் என்று பார்க்க வேண்டும்.

அன்புடன்,
மறுமுனையில் நின்ற உன் பழைய பார்ட்னர்