செயலாளரின் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களே, உறுப்பினர்களே, குழந்தைகளே, வணக்கம்.

மணிலாவில் குடியிருக்கும் தமிழ்க் குடும்பங்களின் வாசகர் வட்டமான நாம், நமக்குச் சோறு போடும் இந்தப் பிலிப்பைன்ஸ் நாட்டின் வரலாற்றை ஓராண்டு படிப்பதென்று சென்ற பொதுக்குழுவில் முடிவெடுத்தோம். மாதம் ஒரு கூட்டம் நடந்தது. மழையால் ஒன்று மட்டும் தள்ளிப்போனது.

முதல் பயணம் சாண்டியாகோ கோட்டைக்கு. ஸ்பெயினின் ஆட்சியை எழுத்தால் எதிர்த்த ஹோசே ரிசாலின் கடைசிச் சிறை அது. 1896 டிசம்பர் 30 காலை, 35 வயதில், அவர் கொலைக்களத்துக்கு நடந்த தடத்தைப் உலோகக் காலடிகளாகத் தரையில் பதித்திருக்கிறார்கள். நம் பிள்ளைகள் அவற்றின் மேல் கால் வைத்து நடந்தார்கள். சிரித்துக்கொண்டு தொடங்கியவர்கள், பாதி வழியில் தாமாகவே அமைதியானார்கள். அவர் விடைபெற்று எழுதிய 14 பத்திக் கவிதை ஒரு சின்ன ஸ்பிரிட் அடுப்புக்குள் ஒளிந்திருந்தது. காவலர்களுக்குப் புரியாதபடி, "உள்ளே ஒன்று இருக்கிறது" என்று தங்கை திரினிதாதிடம் ஆங்கிலத்தில் சொன்னாராம். அந்தத் தங்கை இல்லாவிட்டால் கவிதை நமக்கு ஏது?

அப்புறம் கேசோன் நகரில் மெல்சோரா அகினோவின் நினைவிடம். புரட்சிக்காரர்களுக்குச் சோறு போட்டு, காயத்துக்கு மருந்திட்டதற்காக 84 வயதில் குவாம் தீவுக்கு நாடுகடத்தப்பட்டவர். 1903இல் திரும்பி வந்து, 107 வயதுவரை வாழ்ந்தார். ஊரார் அழைத்த பெயர் தண்டாங் சோரா. நம் வழக்கில் சோரா பாட்டி.

ஜூன் 12 அன்று காவித் ஊருக்குப் போனோம். 1898இல் புரட்சித் தலைவர் அகினால்டோ ஸ்பெயினிடமிருந்து விடுதலையை அறிவித்த வீடு அங்கே இருக்கிறது. அன்று ஏறிய கொடியை ஹாங்காங்கில் தைத்தவர் மார்செலா அகோன்சில்யோ. உடன் தைத்தவர்களில் ரிசாலின் உறவுப்பெண் ஒருவரும் உண்டு. அதே ஆண்டு டிசம்பரில் ஸ்பெயின் இந்த நாட்டை 2 கோடி டாலருக்கு அமெரிக்காவிடம் விட்டுக்கொடுத்தது. விடுதலை கைக்கு வர 1946 ஆயிற்று. தலைவர்களின் பெயர்களோடு இந்தப் பெண்களின் பெயர்களையும் நம் பிள்ளைகள் சொல்லிப் பழக வேண்டும் என்பது என் ஆசை.

ஸ்பெயினுக்கு எதிரான கதிபுனான் என்ற ரகசிய இயக்கத்தைத் தொடங்கிய போனிபாசியோ, 1897இல் சொந்தப் புரட்சி அரசின் கையாலேயே கொல்லப்பட்டதைப் பேசிய கூட்டம் இரவு பத்தைத் தாண்டியது. யாரும் எழுந்து போகவில்லை.

வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார்.

அடுத்த ஆண்டு அதிபர் மார்கோஸின் ஆட்சியை வீழ்த்திய 1986 பிப்ரவரி எட்சா மக்கள் எழுச்சியைப் படிக்கலாம் என்று செயற்குழு கருதுகிறது. அந்த நான்கு நாளும் தெருவில் நின்றவர்கள் நம் அக்கம்பக்கத்திலேயே இருக்கிறார்கள். அவர்களை அழைத்து, உட்காரவைத்து, நேரில் கேட்போம். பொதுக்குழு ஒப்புதல் தர வேண்டுகிறேன்.

செயலாளர்