மேலாளர் நல்லவராகவே இருக்கட்டும்

அன்புள்ள கார்த்திக்,

நேற்று போனில், "மேலாளர் மிகவும் நல்லவர் அம்மா, குழந்தை பிறந்ததும் இரண்டு வாரம் வீட்டில் இருந்துகொள் என்று சொல்லிவிட்டார்" என்றாய். அவர் நல்லவராகவே இருக்கட்டும். ஆனால் இந்த விஷயத்தில் கொடுக்கிற இடத்தில் இருப்பது அவர் அல்ல, கலிபோர்னியா மாநிலச் சட்டம். சாக்ரமெண்டோவில் இத்தனை வருடம் ஊரார் சம்பளக் கணக்கை எழுதியவளின் மகன், தன் சம்பளச் சீட்டைப் படித்துப் பார்ப்பதில்லை என்பதுதான் எனக்கு ஆச்சரியம்.

சீட்டை எடுத்துப் பார். வருமான வரியெல்லாம் கழிந்த பிறகு 'சி.ஏ.எஸ்.டி.ஐ.', அதாவது கலிபோர்னியா மாநில உடல்நலக்குறைவுக் காப்பீடு, என்று ஒரு பிடித்தம் இருக்கும். சம்பளத்துடன் கூடிய குடும்ப விடுப்புக்குப் பணம் அதிலிருந்துதான் வருகிறது. முழுக்க உன்னைப் போன்ற ஊழியர்களின் பணம். இந்த விடுப்பு 2002இல் சட்டமாகி, 2004 ஜூலையில் நடைமுறைக்கு வந்தது. அமெரிக்காவிலேயே இதை முதலில் செய்த மாநிலம் நம்முடையது. ஆறு வாரமாக இருந்ததை 2020இல் எட்டு வாரமாக்கினார்கள். 2025இலிருந்து குறைந்த சம்பளக்காரர்களுக்கு 90 சதவீதம் வரையும், உன்னைப் போன்றவர்களுக்கு 70 சதவீதமும் கிடைக்கிறது. வாரத்துக்கு இவ்வளவுதான் என்று ஓர் உச்சவரம்பு உண்டு. நித்யாவுக்கு எட்டு வாரம், உனக்கும் தனியாக எட்டு வாரம்.

உடனே போய் எட்டு வாரம் கேட்டுவிடாதே. பணம் தருவது ஒரு சட்டம், வேலையைக் காப்பாற்றுவது வேறொரு சட்டம். பலர் இரண்டையும் ஒன்றென நினைத்துப் பணத்துக்கு விண்ணப்பித்துவிட்டு, திரும்பி வந்தபோது நாற்காலியில் வேறொருவர் உட்கார்ந்திருப்பதைப் பார்த்திருக்கிறார்கள். வேலைக்கு உத்தரவாதம் தருவது கலிபோர்னியா குடும்ப உரிமைச் சட்டம். பன்னிரண்டு வாரம், மருத்துவக் காப்பீடும் தொடரும். முன்பெல்லாம் ஐம்பது ஊழியர்களாவது இருந்தால்தான் பொருந்தும். நீ பிறந்தபோது எங்கள் அலுவலகத்தில் அதில் பாதிகூடக் கிடையாது, அதனால் உடம்பு தேறியதும் நான் வேலைக்குப் போக வேண்டியதாயிற்று. உன் அப்பா எடுத்த விடுப்பில் ஞாயிற்றுக்கிழமையும் சேர்த்தி. 2021இலிருந்து ஐந்து பேர் இருந்தாலே போதும். உன் கம்பெனி சிறியது என்று கவலைப்படாதே.

ஆனால் அந்தக் கம்பெனியில் நீ ஒரு வருடம் முடித்திருக்க வேண்டும், அந்தப் பன்னிரண்டு மாதத்தில் 1,250 மணி நேரம் உழைத்திருக்க வேண்டும். நீ சேர்ந்தது போன நவம்பரில். குழந்தை ஆகஸ்டில். கணக்கு இடிக்கிறதல்லவா? அதற்கும் வழி இருக்கிறது. குழந்தை பிறந்து ஒரு வருடத்துக்குள் எப்போது வேண்டுமானாலும் இந்த விடுப்பை எடுக்கலாம். ஆகஸ்டில் மேலாளர் தரும் இரண்டு வாரத்தை நன்றி சொல்லி வாங்கிக்கொள். நித்யா தன் அலுவலகத்தில் பழைய ஆள். பிரசவத்துக்குப் பிறகு உடல் தேறும் ஆறு வாரம் ஒரு கணக்கு, அதன்பின் அவளுடைய பன்னிரண்டு வாரம் தனிக் கணக்கு. டிசம்பர் கடைசிவரை அவள் வீட்டில் இருப்பாள். ஜனவரியில் அவள் வேலைக்குக் கிளம்பும்போது நீ உன் பன்னிரண்டு வாரத்தைத் தொடங்கு, அதில் எட்டு வாரத்துக்குப் பணம் வரும். அதற்குள் உனக்கு ஒரு வருடம் முடிந்திருக்கும். குழந்தை தவழும்வரை உங்களில் ஒருவர் கூடவே இருக்கலாம்.

"ஆண்கள் யாரும் அவ்வளவு நாள் எடுப்பதில்லை" என்று இழுக்காதே. நானும் சம்பந்தியம்மாவும் மாறி மாறி வருவோம், பத்தியச் சமையலும் செய்வோம். அதற்காக உன் பங்கை நாங்கள் எடுத்துக்கொள்ள முடியாது.

இதெல்லாம் யாரும் மனமிரங்கிக் கொடுத்ததல்ல. லாஸ் ஏஞ்சலிஸில் ஒரு வங்கியில் வரவேற்பாளராக இருந்த லில்லியன் கார்லண்ட் 1982இல் பிரசவ விடுப்பு முடிந்து திரும்பியபோது, உன் இடத்தில் ஆள் போட்டாயிற்று என்றார்கள். வழக்கு உச்ச நீதிமன்றம்வரை போய், அப்படிப்பட்ட பெண்களுக்கு வேலையைத் திரும்பத் தரச் சொல்லும் மாநிலச் சட்டம் செல்லும் என்று 1987இல் தீர்ப்பானது. அதற்குள் அவர் குழந்தைக்குப் பள்ளி வயது ஆகிவிட்டது.

நித்யாவின் சம்பள விஷயம் வேறு. பின்னால் சேர்ந்த பையனுக்கு அவளைவிட அதிகம் என்று தெரிந்தும் கேட்கக் கூச்சப்படுகிறாள் என்றாய். கூச்சத்தால் நஷ்டம் அவளுக்குத்தான். ஆணுக்கும் பெண்ணுக்கும் சம சம்பளம் என்று இங்கே சட்டம் இருக்கிறது. அதைக் கேட்க 2016 முதல் பதவியின் பெயர் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. திறமையும் உழைப்பும் பொறுப்பும் சேர்த்துப் பார்த்தால் வேலை ஏறக்குறைய ஒன்றாக இருந்தால் போதும். அனுபவம், படிப்பு, வேலையின் தரம் போன்ற நியாயமான காரணத்தைக் கம்பெனிதான் காட்ட வேண்டும். முந்தைய கம்பெனியில் குறைவாக வாங்கினாள் என்பது காரணமாகாது. சம்பளத்தைப் பற்றி ஊழியர்கள் தங்களுக்குள் பேசக் கூடாது என்று யாரும் தடுக்கவும் முடியாது. அவள் முதலில் செய்ய வேண்டியது சின்ன வேலை: தன் பதவிக்கு உரிய சம்பள வரம்பு என்ன என்று மின்னஞ்சலில் ஒரு வரி கேட்பது. கேட்டால் சொல்லியாக வேண்டும் என்பது சட்டம். சண்டையா சமாதானமா என்பதைப் பதில் வந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம். பிரசவ விடுப்பில் போவதற்கு முன்பே கேட்டுவிடச் சொல்.

நீயும் எதையும் வாய்ப்பேச்சில் விடாதே. தேதி தெரிந்த விடுப்புக்கு முப்பது நாள் முன்னதாக எழுத்தில் கொடு, ஒரு நகலை உன் சொந்த மின்னஞ்சலுக்கு அனுப்பிக்கொள். பணத்துக்கான விண்ணப்பத்தை விடுப்பு தொடங்கி 41 நாளுக்குள் போட வேண்டும். குழந்தை அழுகிற அழுகையில் அது மறந்துவிடும், நாட்காட்டியில் இப்போதே குறித்து வை.

வேலைக்குச் சேர்ந்த தேதி போட்ட கடிதம் எங்கே இருக்கிறது? தேடி எடுத்து எனக்கு ஒரு படம் அனுப்பு. தேதியைச் சரிபார்த்துச் சொல்கிறேன், பிறகு மேலாளரிடம் போ.

அன்புடன்,
அம்மா